துரை வாயில் வந்த வசவு

2022 செப்டம்பர் 13. எலிசபெத் ராணி இறந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. வட அயர்லாந்தில் ஹில்ஸ்பரோ மாளிகையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட உட்கார்ந்தார் புது மன்னர் சார்ல்ஸ். முதலில் தேதியைத் தப்பாக எழுதினார். அப்புறம் பேனா கசிந்து விரலெல்லாம் மை. சட்டென்று எழுந்து பேனாவை மனைவியிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, இந்த பிளடி சாமானை என்னால் சகிக்க முடியவில்லை என்று எரிந்து விழுந்தார். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அன்று ராத்திரிக்குள் உலகமே அதைப் பார்த்துவிட்டது.

எனக்கு அதில் ஆச்சரியமாக இருந்தது மன்னரின் கோபம் இல்லை. பேனா கசிந்தால் எனக்கும் கோபம் வரும். அந்த வார்த்தையை அங்கே யாரும் பெரிதுபடுத்தாததுதான் ஆச்சரியம். மன்னர் களைத்துப் போயிருக்கிறார், உதவியாளர்கள் நல்ல பேனா வைத்திருக்கக் கூடாதா என்றெல்லாம் பேசினார்களே தவிர, ‘ராஜா கெட்ட வார்த்தை பேசிவிட்டார்’ என்று பெரிய கூச்சல் ஒன்றும் எழவில்லை. அவருக்கும் அது புதிது இல்லை. 1989இல் இளவரசராக இருந்தபோது, நாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் லட்சணத்தைக் குறை சொல்லும்போதும் ‘ஸோ பிளடி பேட்லி’ என்றார். ஆங்கிலம் கெட்டுப்போனதைக் கண்டிக்கும் வாக்கியத்திலேயே ஒரு பிளடி! 2005இல் சுவிட்சர்லாந்தின் பனிச்சறுக்கு மலையில் நிருபர்களைப் பார்த்து, ‘இந்த பிளடி ஆட்கள்’ என்று முணுமுணுத்தது மைக்கில் விழுந்தது.

இப்போது ஒரு நூற்று முப்பது வருஷம் பின்னால் போகலாம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் பதிப்பில் ‘பி’ எழுத்துக்கான பகுதி 1880களில் வெளிவந்தது. அதில் இந்தச் சொல்லுக்கு எழுதியிருக்கும் குறிப்பைப் படித்தால், அகராதிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதியது போலத் தோன்றும். மிகத் தாழ்ந்த வகுப்பினரின் வாயில் ஓயாமல் புழங்குவது. மரியாதைப்பட்டவர்கள் இதை ஆபாசத்துக்குச் சமமான கொடிய சொல்லாகக் கருதுகிறார்கள். செய்தித்தாள்கள் காவல் நிலையச் செய்திகளில்கூட முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் போட்டு நடுவில் கோடு இழுத்துவிடுகின்றன. இதுதான் அந்தக் குறிப்பின் சாரம். தெருவில் கிடந்த அந்தச் சொல்தான் அரண்மனை வரைக்கும் ஏறியிருக்கிறது.

ஆனால் அது பிறந்ததே தெருவில்தானா என்றால், அதுவும் இல்லை.

பிளட் என்றால் ரத்தம் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது வசவாக எப்படி ஆனது என்பதற்கு இங்கிலாந்தில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கதை, ‘பை அவர் லேடி’, அதாவது ‘எங்கள் மாதா மேல் ஆணை’ என்ற சத்தியம் தேய்ந்து தேய்ந்து ‘பிளடி’ ஆகிவிட்டது என்பது. கேட்க அழகான கதை. ஆனால் ஒலி மாற்றம் அப்படி நடக்க வழியில்லை என்று மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. அந்தச் சத்தியம் தேய்ந்து ‘பைர்லேடி’ என்றுதான் ஆனது, அதற்குத் தனி வாழ்க்கை இருந்தது. இன்னொரு விளக்கம் கிறிஸ்துவின் ரத்தத்தின் மேல் செய்த சத்தியம். அந்த நாளில் கடவுளின் ரத்தம், கடவுளின் காயங்கள் என்றெல்லாம் ஆணையிடுவது சாதாரணம். மூன்றாவது விளக்கம் எனக்குப் பிடித்தது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் குடித்துவிட்டு ரகளை செய்யும் பணக்கார வீட்டு வாலிபர்களை ‘பிளட்ஸ்’ என்று சொல்வார்கள். நல்ல ரத்தத்தில், பெரிய குடும்பத்தில் பிறந்தவர்கள் என்று பொருள். ‘பிளடி டிரங்க்’ என்றால் அந்த மைனர்களைப் போலக் குடித்திருக்கிறான் என்று அர்த்தம். அந்தக் காலத்து நாடகங்களில் இந்தச் சொல் குடியோடு சேர்ந்தே வருவது இந்த விளக்கத்துக்குச் சாதகம். இது சரி என்றால் பிளடி முதன்முதலில் ஜமீன் வீட்டுச் சொல். தெருவுக்கு இறங்கியது பிற்பாடு.

எது எப்படியோ, 1711இல் ஜோனதன் ஸ்விஃப்ட் லண்டனிலிருந்து அயர்லாந்தில் இருந்த தன் தோழிக்கு எழுதிய கடிதத்தில், இன்று நடக்கும்போது ‘பிளடி ஹாட்’ ஆக இருந்தது என்று எழுதுகிறார். ஸ்விஃப்ட் ஒரு பாதிரியார். அவர் ஒரு பெண்மணிக்கு எழுதும் கடிதத்தில் கூச்சமில்லாமல் வருகிறது. அந்தக் கடிதங்களிலேயே இன்னோரிடத்தில் ‘பைர்லேடி கோல்டு’ என்று குளிரைப் பற்றியும் எழுதுகிறார். இரண்டுக்கும் ‘ரொம்ப’ என்பதற்கு மேல் பொருள் ஒன்றும் இல்லை. நாம் ‘பயங்கர அழகு’, ‘கொலைப் பசி’ என்கிறோமே, அதே வேலைதான். பயங்கரத்தில் பயமும் இல்லை, கொலையில் சாவும் இல்லை.

அடுத்த நாற்பது வருஷத்தில் காற்று மாறிவிட்டது. 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில் இதை மிகவும் கொச்சையானது என்று ஓரங்கட்டிவிட்டார். அப்படி என்ன நடந்தது? புதிதாகத் தலையெடுத்த நடுத்தர வர்க்கத்துக்கு நாக்குச் சுத்தம் ஒரு அடையாளமாக ஆனது என்பது என் எண்ணம். மாதா மேல் சத்தியம், கிறிஸ்துவின் ரத்தம் என்று கதைகள் பரவப் பரவ, ஒரு பாவமும் அறியாத ‘ரொம்ப’ தெய்வ நிந்தனையாக ஆகிவிட்டது. மேல்தட்டில் இருந்தவர்கள் யாருக்கும் பயப்படத் தேவையில்லாததால் பேசினார்கள். கீழே இருந்தவர்கள் இழக்க ஒன்றும் இல்லாததால் பேசினார்கள். நடுவில் இருந்தவர்கள்தான் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

எவ்வளவு தூரம் பொத்தினார்கள் என்பதற்கு 1887 ஜனவரியில் லண்டனில் நடந்த கூத்து போதும். கில்பர்ட், சல்லிவன் என்ற புகழ்பெற்ற இசை நாடக இரட்டையர் ‘ரடிகோர்’ என்று ஒரு நாடகம் போட்டார்கள். ரடி என்றால் சிவந்த என்று பொருள். ஆனால் பிளடி என்று சொல்ல வாய் கூசியவர்கள் அதற்குப் பதிலாகச் சொல்லும் சொல்லும் அதுதான். தலைப்பு அசிங்கமாக இருக்கிறது என்று ஒரே முணுமுணுப்பு. சில நாட்களில் தலைப்பின் நடுவில் இருந்த ‘ஒய்’ எழுத்தை எடுத்துவிட்டு ‘ஐ’ போட்டார்கள். தமிழில் எழுதினால் இரண்டு தலைப்புக்கும் வித்தியாசமே தெரியாது. ஆங்கிலத்திலும் காதில் கேட்டால் தெரியாது. ஆனாலும் கௌரவம் காப்பாற்றப்பட்டது. ரடியும் பிளடியும் ஒன்றுதானே என்று சண்டைக்கு வந்தவரிடம் கில்பர்ட் சொன்னதாக ஒரு பதில் உண்டு: ‘உங்கள் சிவந்த முகத்தை ரசிக்கிறேன் என்று நான் சொன்னால், உங்கள் பிளடி திமிர் எனக்குப் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வீர்களா?’ ஆங்கிலத்தில் கன்னத்துக்கும் திமிருக்கும் ஒரே சொல் என்பதால் இந்த அடி இரண்டு மடங்கு வலிக்கும்.

அதற்குப் பிறகு வந்தார் பெர்னார்ட் ஷா.

‘பிக்மேலியன்’ நாடகம் கதையாகப் பலருக்குத் தெரிந்திருக்கும். ஹிக்கின்ஸ் என்ற ஒலியியல் பேராசிரியர், பூ விற்கும் எலைசா என்ற ஏழைப் பெண்ணைப் பிடித்துவந்து, உச்சரிப்பைத் திருத்திச் சீமாட்டியாக உலவ விடுகிறேன் பார் என்று பந்தயம் கட்டுகிறார். இரண்டாம் அங்கத்தில் வீட்டு நிர்வாகி பியர்ஸ் அம்மாள் பேராசிரியரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் எதிரில் ஒரு குறிப்பிட்ட சொல்லை மட்டும் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறாள். சொல்லை அவள் சொல்வதில்லை. ‘பாத்’ என்பதன் முதல் எழுத்துதான் அதற்கும் என்கிறாள். நான் எப்போது பேசினேன் என்று பேராசிரியர் துள்ளுகிறார். இன்று காலையில்கூட பூட்ஸ், பட்டர், பிரௌன் பிரெட் மூன்றுக்கும் அதைச் சேர்த்துச் சொன்னீர்கள் என்கிறாள் அம்மாள். ‘ஓ அதுவா! அது வெறும் மோனை, கவிஞனுக்கு இயல்பாக வருவது’ என்று சமாளிக்கிறார் ஹிக்கின்ஸ். யாப்பு படித்த நமக்கு இந்த இடம் கூடுதலாக இனிக்கும். வசைபாடக்கூட மோனை வேண்டியிருக்கிறது!

வெடி மூன்றாம் அங்கத்தில். ஹிக்கின்ஸின் தாயார் வீட்டில் தேநீர் விருந்து. உச்சரிப்பு கற்றுவிட்ட எலைசா, முத்துக் கோத்தது போலப் பேசுகிறாள். ஆனால் பேசும் விஷயம் பழைய தெரு விஷயம்தான். இன்ஃப்ளூயன்சாவில் செத்ததாகச் சொல்லப்பட்ட தன் அத்தையை யாரோ தீர்த்துக்கட்டிவிட்டார்கள் என்று நாசூக்கான உச்சரிப்பில் விவரிக்கிறாள். கிளம்பும்போது ஃப்ரெடி என்ற இளைஞன், பூங்கா வழியாக நடந்தா போகிறீர்கள் என்று கேட்கிறான். ‘நடப்பதா! நாட் பிளடி லைக்லி. நான் டாக்சியில் போகிறேன்.’

லண்டனில் முதல் காட்சி 1914 ஏப்ரல் 11. எலைசாவாக நடித்தவர் மிஸஸ் பேட்ரிக் கேம்ப்பெல். அப்போது அவருக்கு வயது 49. பதினெட்டு, இருபது வயதுப் பூக்காரி வேடம்! (நம் கதாநாயகர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.) அந்தச் சொல் வரப்போகிறது என்ற சேதி முன்கூட்டியே பத்திரிகைகளில் கசிந்துவிட்டது. பத்திரிகைகள் அந்தச் சொல்லை அச்சிடாமலே அதைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதின. அந்த நாளில் எந்த நாடகமும் அரசவைத் தணிக்கை அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் லண்டன் மேடை ஏற முடியாது. அவர்கள் இதை விட்டுவிட்டார்கள். சொல் வந்த நொடியில் அரங்கம் ஒரு கணம் மூச்சுப் பிடித்து, அப்புறம் சிரிக்க ஆரம்பித்து ஒரு நிமிடத்துக்கு மேல் நிறுத்தவில்லை. அதன் பிறகு கொஞ்ச காலம் லண்டனில் ‘நாட் பிக்மேலியன் லைக்லி’ என்று சொல்வது ஒரு மோஸ்தராக இருந்தது. பிளடியின் இடத்தில் நாடகத்தின் பெயர்.

எல்லோரும் எலைசாவின் அந்த ஒரு வரியைத்தான் சொல்வார்கள். எனக்கு அதற்கு அடுத்து வருவதுதான் முக்கியம். விருந்துக்கு வந்திருக்கும் கிளாரா, நொடித்துப்போன நல்ல குடும்பத்துப் பெண். பணம் இல்லை, பகட்டு விடவில்லை. எலைசா பேசியதுதான் நாகரிக உலகத்தின் புதுப் பேச்சு போலிருக்கிறது என்று நம்பி, போகும்போது அவளும் ‘சச் பிளடி நான்சென்ஸ்’ என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் போகிறாள். அவள் அம்மாவுக்கு உயிரே போகிறது. தெருச் சொல் நல்ல உச்சரிப்பில் வந்தால் நாகரிகமாகிவிடும் என்பதை ஷா ஒரே விருந்தில் காட்டிவிட்டார். அந்தக் கிளாராவைப் போன்றவர்களை நம் ஊரில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே வருகிறேன்.

அதற்கு முன் ஆஸ்திரேலியாவை விட முடியாது. கப்பலேறிப்போன கைதிகளும் கூலிக்காரர்களும் பிளடியை மூட்டையில் கட்டிக்கொண்டு போனார்கள். 1847இல் அலெக்சாண்டர் மார்ஜரிபேங்க்ஸ் என்பவர் தன் பயண நூலில் ஒரு மாட்டுவண்டிக்காரனைப் பற்றி எழுதுகிறார். கால் மணி நேரத்தில் அவன் இருபத்தைந்து தடவை அந்தச் சொல்லைச் சொன்னான் என்று எண்ணியிருக்கிறார். அதோடு விட்டாரா? எட்டு மணி நேரம் தூக்கம், ஆறு மணி நேரம் மௌனம், மீதி பத்து மணி நேரம் பேச்சு, இருபது வயதில் ஆரம்பித்து எழுபதில் முடிக்கிறான் என்று வைத்துக்கொண்டால், வாழ்நாளில் ஒரு கோடியே எண்பத்திரண்டு லட்சம் பிளடி என்று கணக்குப் போட்டிருக்கிறார். நான் பெருக்கிப் பார்த்தேன், ஐம்பதாயிரம் குறைகிறது. ஐம்பது வருஷத்தில் ஒரு ஐம்பது நாளாவது காய்ச்சலில் படுத்திருப்பான் என்று கழித்துவிட்டார் போல. 1890களில் சிட்னி பத்திரிகை ஒன்று இதற்கு ‘ஆஸ்திரேலியப் பெயரடை’ என்றே பட்டம் கொடுத்துவிட்டது.

அங்கே அரசாங்கமே இதைப் பேசும். விக்டோரியா மாநிலத்தின் சாலை விபத்து ஆணையம் 1989இல் ஆரம்பித்த பிரசாரத்தின் வாசகம்: குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் நீ ஒரு பிளடி இடியட். 2006இல் சுற்றுலாத் துறை ஒரு விளம்பரம் எடுத்தது. உனக்குப் பீர் வாங்கி வைத்துவிட்டோம், ஒட்டகங்களைக் குளிப்பாட்டிவிட்டோம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு பெண் கடற்கரையில் நின்று ‘ஸோ வேர் த பிளடி ஹெல் ஆர் யூ’ என்று கேட்பாள். ‘எங்கேய்யா தொலைஞ்சே?’ என்று உரிமையோடு கேட்பது போல. சொல்லைப் பெற்ற இங்கிலாந்தே முதலில் அதைத் தொலைக்காட்சியில் தடை செய்தது! பிறகு தடையை விலக்கிக்கொண்டாலும், 2007இல் சாலையோரப் பலகைகளை எடுக்கச் சொன்னார்கள். சிங்கப்பூரில் அந்த இரண்டு சொற்களையும் வெட்டிவிட்டு வெறும் ‘ஸோ வேர் ஆர் யூ’ என்று ஓடியது. உப்பில்லாத ஊறுகாய். அப்போது ஆஸ்திரேலியச் சுற்றுலா அமைப்பின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஸ்காட் மாரிசன் 2018இல் அந்த நாட்டின் பிரதமரே ஆனார். பிளடியால் அவர் பிழைப்பு கெடவில்லை.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு வித்தையும் தெரியும். மற்ற சொற்களின் வயிற்றைக் கிழித்து உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அப்சொ-பிளடி-லூட்லி. கங்கா-பிளடி-ரூ. கண்ட இடத்தில் சொருக முடியாது. சொல்லில் எந்த அசைக்கு அழுத்தம் விழுகிறதோ அதற்குச் சற்று முன்னால்தான் நுழையும். கங்-பிளடி-காரூ என்று ஒரு ஆங்கிலேயக் குழந்தையும் சொல்லாது. 1982இல் மொழியியலாளர் ஜான் மெக்கார்த்தி இப்படி வசவைச் சொருகுவதன் விதிகளை ஒரு கனமான ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். தமிழ்ச் சொற்களுக்கு அப்படிப் பொருள் மாற்றும் அசையழுத்தம் கிடையாது, அதனால் நமக்கு இந்த விளையாட்டு வாய்க்காது. ‘திரு-பிளடி-நெல்வேலி’ மட்டும் ஓரளவு தேறும்போல இருக்கிறது. நெல்லைக்காரர்கள் மன்னிக்கவும்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

நமக்கு இந்தச் சொல் வந்தது மாட்டுவண்டிக்காரன் வாயிலிருந்து இல்லை. பட்டாளத்து அதிகாரி, ரயில்வே அதிகாரி, தேயிலைத் தோட்டத்துத் துரை, கிளப்பில் விஸ்கியோடு உட்கார்ந்திருந்த கலெக்டர் என்று மேலிருந்து கீழே விழுந்தது. இங்கிலாந்தில் கீழ்த்தட்டின் அடையாளமாக இருந்தது இங்கே இறங்கியதும் அதிகாரத்தின் அடையாளம் ஆகிவிட்டது. அதனால் அதன் இலக்கணமே மாறிப்போனது. அங்கே பிளடி எதற்கு முன்னாலும் நிற்கும். பிளடி குட், பிளடி கோல்டு, பிளடி மார்வெலஸ். இங்கே மனிதனுக்கு முன்னால் மட்டும்தான். பிளடி ராஸ்கல், பிளடி இடியட், பிளடி ஃபூல். (கடைசியில் சொன்னதில் அந்த ஆய்த எழுத்தை விழுங்கிவிட்டால் வசவின் தரம் என்ன ஆகும் என்று தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.) பாராட்டும் பாதி கப்பலிலேயே தங்கிவிட்டது. துரை நம்மைப் பாராட்டிப் பேசும் சந்தர்ப்பம் அதிகம் இருந்திருக்காது.

என் நண்பன் ஒருவன் வேலைக்காக பெர்த் போன புதிதில், அவனுடைய மேலாளர் ‘பிளடி குட் ஜாப், மேட்’ என்று முதுகில் தட்டியிருக்கிறார். இவனுக்கு குட் ஜாப் காதில் ஏறவில்லை. ராத்திரி எனக்குப் போன் பண்ணி, ‘மாப்ள, எல்லார் முன்னாலயும் திட்டிட்டான்டா’ என்றான். அவன் கோபம் எனக்குப் புரிந்தது. எங்கள் தலைமுறை அந்தச் சொல்லைக் கற்ற இடம் கறுப்பு வெள்ளைப் படங்கள். கோட்டுப் போட்டு, வாயில் பைப் வைத்து, மாடிப்படியில் இறங்கி வரும் பணக்கார அப்பா, மகள் காதலிக்கும் ஏழையைப் பார்த்து ‘யூ பிளடி ராஸ்கல், கெட் அவுட்’ என்பார். அதில் எங்கே இருக்கிறது ‘ரொம்ப’?

இதில் ஒரு சௌகரியமும் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தமிழில் ஒருவனை உறைக்கத் திட்ட ஆரம்பித்தால் அது அவன் அம்மாவிடம் போகும், பிறப்புக்குப் போகும், சாதிக்குப் போகும். கௌரவமான மனிதர்களுக்கு அந்தப் பக்கம் போக முடியாது. பிளடிக்கு நம் ஊரில் அம்மா கிடையாது, சாதி கிடையாது. சுத்தமான வேட்டியோடு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். தலைமையாசிரியர், வக்கீல், ஓய்வுபெற்ற ரயில்வே தாத்தா எல்லோருக்கும் இது கட்டுப்படியானது. திட்டும்போதே படித்தவன் என்றும் காட்டிக்கொள்ளலாம். இவர்கள்தான் நான் சொன்ன கிளாராக்கள். மேல்தட்டின் பேச்சு என்று நம்பி எடுத்துக்கொண்டது, அந்த மேல்தட்டு தன் ஊரில் யாரிடமிருந்து எடுத்ததோ தெரியாமல்.

ஆனால் பிளடியின் உண்மையான வேலை, அதாவது கசிகிற பேனாவையும் வராத பஸ்ஸையும் திட்டுகிற வேலை, நம் ஊரில் அதற்குக் கிடைக்கவே இல்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தது. பாழாய்ப்போன பஸ், நாசமாய்ப்போன கரண்ட், சனியன் பிடித்த செருப்பு, எழவெடுத்த குடை. அதிலும் எழவு இருக்கிறதே, அதற்கு நிகர் கிடையாது. ஒரு சாவு வீட்டையே தூக்கிக்கொண்டு வந்து குடை மேல் போடுகிறோம், யாரும் அழுவதில்லை.

பிளஸ் டூவில் எங்களுக்கு இயற்பியல் எடுத்த சார் பேச்சில் நாலு வாக்கியத்துக்கு ஒரு ‘பிளடி ஃபெல்லோஸ்’ இருக்கும். எங்களுக்கு அது வசவாகவே படாது. வருகைப்பதிவு எடுப்பது போல அதுவும் ஒரு சடங்கு. தமிழில் ஒரு கடுஞ்சொல் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. ஒருநாள் ஆய்வகத்தில் மீட்டர் பிரிட்ஜ் சோதனையைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். கால்வனாமீட்டர் முள் அசையவே இல்லை. கம்பியை மாற்றினார், சாவியைப் பிடுங்கிப் போட்டார், பேட்டரியைத் தட்டினார். கடைசியில் கனமான ரெசிஸ்டன்ஸ் பெட்டியை நகர்த்தும்போது அது அவர் பெருவிரலை மேஜையோடு நசுக்கியது. ‘எழவெடுத்த சனியனே!’ என்றார் சார், அசல் தஞ்சாவூர்த் தமிழில், அடி வயிற்றிலிருந்து.

வகுப்பு மொத்தமும் வாயைப் பிளந்தது. பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான், அவ்வளவுதான், அடைத்து வைத்திருந்த அத்தனை பேரும் வெடித்துவிட்டோம். சார் விரலை உதறிக்கொண்டே நிமிர்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

‘வாட் இஸ் தேர் டு லாஃப், பிளடி ஃபெல்லோஸ்?’ என்றார்.